நெல்லின் ஈரமும் கபடிக் கோடும்: டெல்டா கிராமப் பள்ளியொன்றில் சிறார் நூல்கள் செய்ததும் செய்யாததும்

திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியைப் பற்றியது இந்த ஆய்வு. ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த நாங்கள் சிலர், அங்கே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு அறிவியலையும் விளையாட்டையும் பற்றிய சிறார் நூல்களை ஒரு கல்வியாண்டு முழுவதும் வாசிக்கக் கொடுத்தோம். வாரத்துக்கு ஒரு பாடவேளையைத் தலைமையாசிரியர் ஒதுக்கித் தந்தார். ஊர், பள்ளி, பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களை இங்கே எழுதவில்லை. அவர்கள் சிறுமிகள் என்பதே காரணம்.

எங்களுக்குக் கிடைத்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் பெரிய ஆளானார் என்று சொன்ன புத்தகங்கள் பிள்ளைகளுக்குப் பெருமையைக் கொடுத்தன. மறுநாள் காலையில் என்ன செய்து பார்க்கலாம் என்று சொன்ன புத்தகங்களே அவர்களை எழுந்து நடக்க வைத்தன. அப்படி நடக்கத் தொடங்கிய பிறகு தராசு, மைதானம், மாலைப் பஸ் என்று புத்தகத்துக்கு வெளியே இருப்பவை ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்தன. இந்த மூன்றையும் பேசாமல் ‘நூல்கள் தூண்டுகின்றன’ என்று மேடையில் பேசுவது எளிது.

ஊரும் பள்ளியும்

வெண்ணாற்றுப் பாசனத்தை நம்பிய ஊர். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால் குறுவை, இல்லையென்றால் சம்பா மட்டும். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அப்பாக்கள் குத்தகை விவசாயிகள் அல்லது விவசாயக் கூலிகள். மற்றவர்கள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அம்மாக்கள் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார்கள்.

இந்த ஊரில் பெண்பிள்ளையைப் படிக்க வைக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கட்டத்தைத் தமிழ்நாடு என்றோ தாண்டிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், மயிலாடுதுறைக்குப் பக்கத்திலுள்ள மூவலூரைச் சேர்ந்த இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு சின்னப் பெருமிதம் உண்டு. நாடு முழுவதற்குமான உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2020-21இல் அறிவியல் பிரிவில் பதிவு செய்திருந்த 57.2 லட்சம் பேரில் 29.5 லட்சம் பேர் பெண்கள். ஆகவே பெண்கள் அறிவியலுக்கு வருவதில்லை என்பது பழைய கதை. வந்தவர்கள் ஆய்வகத்துக்கும் களத்துக்கும் போகாமல் எங்கே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் இன்றைய கேள்வி. எங்கள் ஊரில் பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர்கள் நாலைந்து வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட வேதியியலை வைத்துச் சம்பாதிக்கவில்லை.

விளையாட்டின் கதை வேறு. ஐந்தாம் வகுப்பு வரை பையன்களோடு சேர்ந்து ஓடும் பிள்ளை, ஏழாம் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறாள். யாரும் அவளை உட்காரச் சொல்வதில்லை. வயதுக்கு வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

பள்ளியில் நூலகம் என்று ஓர் இரும்பு பீரோ இருந்தது. சாவி தலைமையாசிரியர் அறை மேசையில். பூட்டி வைத்தது கெட்ட எண்ணத்தால் அல்ல. புத்தகம் தொலைந்தால் கணக்குக் காட்ட வேண்டியவர் அவர்தான். ஆனால் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியல் விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அதைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். அந்த வண்டி போன தடத்திலேயே பூட்டிய பீரோவும் இருக்கிறது. எங்கள் முதல் வேலை சாவியை வாங்குவதாக இருந்தது. தொலைந்தால் வாசகர் வட்டம் ஈடு செய்யும் என்று எழுதிக் கொடுத்துத்தான் அதை வாங்கினோம். ஆண்டு முடிவில் சில புத்தகங்கள் காணாமல் போயின, பல கிழிந்தன. எழுதிக் கொடுத்தபடியே ஈடு செய்தோம். கிழிந்தவை எவை என்று பார்த்தாலே எவை படிக்கப்பட்டன என்று தெரிந்தது.

முதலில் ஒரு படம்

புத்தகத்தைக் கொடுக்கும் முன் வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னோம். இது புதிய யோசனை அல்ல. டேவிட் வேட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாடுகளில் 4,807 குழந்தைகளிடம் இப்படி வரையச் சொல்லி 1983இல் முடிவை வெளியிட்டார். அத்தனை படங்களில் பெண் விஞ்ஞானி இருந்தது 28இல் மட்டும். அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். அமெரிக்காவில் ஐம்பதாண்டுகளில் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கட்டுரை, எண்பதுகளுக்குப் பின் வரையப்பட்ட படங்களில் சுமார் 28 சதவீதத்தில் பெண் இருந்ததாகச் சொல்கிறது. வயது ஏற ஏறக் குழந்தைகள் ஆணையே அதிகம் வரைகிறார்கள் என்பதையும் அது காட்டியது.

எங்கள் பிள்ளைகள் வரைந்ததில் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குடுவையும் கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் இருந்தன. இவர்கள் படிக்கும் பள்ளியில் குடுவை கிடையாது. ஆக அது பாடநூல் படத்திலிருந்து வந்தது. பலர் வரைந்த விஞ்ஞானிக்கு அப்துல் கலாமின் தலைமுடி இருந்தது. கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் படித்த ராமானுஜனின் படம் வகுப்பறைச் சுவரிலேயே தொங்குகிறது. ஆனால் அவரை யாரும் வரையவில்லை. கேட்டதற்கு, ‘அவர் கணக்குதானே’ என்றார்கள். பெண்ணை வரைந்தவர்கள் மிகச் சிலர். அதில் ஒருத்தி வரைந்தது, ஊசியும் கையுமாக நிற்கும் கிராம சுகாதாரச் செவிலியரை. இது விஞ்ஞானியா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை தன் கண்ணால் பார்த்த ஒரே அறிவியல் வேலையை வரைந்திருக்கிறாள்.

பெருமை தந்த புத்தகங்கள்

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிநிலைகளில் வெளியிட்ட சிறு நூல்கள் ஏற்கெனவே பள்ளியில் இருந்தன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இலிருந்து நடத்தும் சிறுவர் அறிவியல் இதழான துளிரின் பழைய பிரதிகளை நன்கொடையாகப் பெற்றோம். பெண் விஞ்ஞானிகள், வீராங்கனைகள் பற்றிய படக்கதைகளையும் வாழ்க்கை வரலாறுகளையும் தஞ்சைப் புத்தகத் திருவிழாவிலும் இணையத்திலும் தேடி வாங்கினோம். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தவற்றை அச்செடுத்து நூலால் தைத்தோம்.

வாழ்க்கை வரலாறுகளில் முதலில் வாசித்தது அன்னா மணியின் கதை. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, இந்திய வானிலைத் துறையின் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழி வகுத்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வைரக் கம்மல் வேண்டாம், பிரிட்டானிகா கலைக்களஞ்சியம்தான் வேண்டும் என்று கேட்டார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. எழுதுகிறவர்களுக்கு அந்தச் சம்பவத்தின் மீது ஒரு மோகம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளிடம் அது எடுபடவில்லை. ‘ஏன் டீச்சர், இரண்டையும் கேட்டிருக்கலாமே’ என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, ‘வைரக் கம்மல் வாங்கித் தருகிற வீடு என்றால் புத்தகமும் வாங்கித் தருவார்கள்’ என்றாள். அவர் வீட்டுக்கு ஏலக்காய்த் தோட்டங்கள் இருந்தன என்று சொன்னேன். ‘அதானே’ என்று வகுப்பே சொன்னது. இங்கே கம்மல் என்பது அடகுக் கடைக்குப் போய்த் திரும்பும் பொருள். விதைநெல்லுக்குப் பணம் வேண்டும்போது முதலில் கழன்று வருவது அதுதான். அதை வேண்டாம் என்பது இவர்களுக்கு இலட்சியமாகத் தெரியவில்லை, வசதியாகத் தெரிந்தது.

அதே அன்னா மணி, சி.வி.ராமனிடம் ஆய்வு செய்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் பெறவில்லை. இதைச் சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. சான்றிதழ் ஒன்று குறைந்ததால் வேலை நின்றுபோவது இவர்களுக்கு நன்றாகத் தெரிந்த உலகம். ‘அப்புறம் என்ன செய்தார்கள்’ என்று கேட்டார்கள். வானிலைக் கருவிகளைப் படிக்க இங்கிலாந்து போனார், திரும்பி வந்து நூற்றுக்கு நெருக்கமான கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தினார் என்றதும், ‘மழைமானியும் அதில் உண்டா’ என்று வந்தது கேள்வி. உண்டு. அங்கிருந்துதான் எங்கள் முதல் கருவி பிறந்தது.

கரும்பில் ஒட்டுரக ஆய்வு செய்த ஜானகி அம்மாளின் கதைக்கு வரவேற்பு குறைவு. கோயம்புத்தூரில் நடந்தது தூரத்து விஷயம். அரியலூரில் பிறந்த வளர்மதி, 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக இருந்தவர் என்று சொன்னபோது நிலைமை மாறியது. அரியலூர் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம். ஒரு பிள்ளைக்குச் சித்தி வீடு, இன்னொருத்திக்குப் பெரியம்மா வீடு. பத்து நிமிடம் ஊர்ப்பேச்சாகவே போனது. அந்தச் செயற்கைக்கோள் மேகம் மூடியிருந்தாலும் கீழே உள்ள நெற்பயிரைப் பார்த்தது என்றதை அவர்கள் நம்பவில்லை. ரேடார் அலை மேகத்தை ஊடுருவும் என்று விளக்கியும், ‘எங்கள் வயல் தெரியுமா’ என்பதிலேயே நின்றார்கள். பெருமை வேலை செய்கிறது, ஐயமில்லை. பக்கத்து ஊர்க்காரரிடம் அது கூடுதலாக வேலை செய்கிறது. ஆனால் அடுத்த வாரம் அதிலிருந்து மிச்சம் இருந்தது ஊர்ப்பெயர் மட்டும்தான்.

வீராங்கனைகளின் கதையில் ஒரு சிக்கல் வந்தது. திருச்சிக்குப் பக்கத்திலுள்ள முடிகண்டத்திலிருந்து போய், 2019இல் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்ற கோமதி மாரிமுத்துவைப் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். வயல் வரப்பில் இருந்து வந்தவர் என்பதால் சுவரில் ஒட்டி வைக்கச் செய்தித்தாள் படத்தையும் கொண்டுவந்தார்கள். பின்னர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டதையும் அந்தப் பதக்கம் போனதையும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். மறைப்பதில் பொருளில்லை. ஊக்கமருந்து என்றால் என்ன, சோதனை எப்படி நடக்கிறது, தெரியாமல் சாப்பிடும் மாத்திரையிலும் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கக்கூடும் என்பதால் வீரர்கள் எதையெல்லாம் பார்த்துச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு பாடவேளை முழுக்கப் பேசினோம். அந்த ஆண்டில் நடந்த நல்ல அறிவியல் வகுப்புகளில் அது ஒன்று. உயிரோடிருக்கும் ஒருவரைப் பீடத்தில் ஏற்றி எழுதும் சிறார் நூல்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பீடம் சரிந்தால் பிள்ளை புத்தகத்தையும் சேர்த்தே தூக்கி எறிவாள்.

நெல்லின் ஈரம்

மழைமானியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கி, அடிப்பகுதியின் மேடுபள்ளத்தைக் கூழாங்கல்லும் தண்ணீரும் விட்டுச் சமப்படுத்தி, அதிலிருந்து மில்லிமீட்டர் குறித்தார்கள். வடகிழக்குப் பருவமழையில் தினமும் காலையில் அளந்து, மறுநாள் நாளிதழில் மன்னார்குடிக்கு, நீடாமங்கலத்துக்கு என்று வரும் அளவோடு ஒப்பிட்டார்கள். முருங்கை மரத்தடியில் வைத்தவளுக்கு எப்போதும் குறைவாகவே வந்தது. மரம் குடித்துவிடுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள்.

அதிகம் சொல்ல வேண்டியது நெல்லைப் பற்றி. அது எங்கள் திட்டத்தில் இல்லை.

எடையும் அளவும் பற்றிய ஒரு மெல்லிய செயல்முறை நூல் இருந்தது. திராட்சையைக் காய வைத்து எடை பார்ப்பது, ரொட்டியைக் காய வைத்து எடை பார்ப்பது என்று பழக்கமான சோதனைகள். அதைக் காலாண்டு விடுமுறைக்கு எடுத்துப்போன ஏழாம் வகுப்பு மாணவியின் வீட்டில் அப்போது குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோன நெல்லை ஈரம் கூடுதல் என்று காய வைத்து எடுத்துவரச் சொல்லிவிட்டார்கள். விதிப்படி ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறுவை அறுவடை மழைக்காலத்தின் வாசலில் வருவதால் ஏறக்குறைய ஆண்டுதோறும் இதில் தளர்வு கேட்டு மத்திய அரசுக்குக் கோரிக்கை போகும். சில ஆண்டுகளில் 22 சதவீதம் வரைகூடக் கேட்கப்பட்டிருக்கிறது. இதெல்லாம் டெல்டாவில் டீக்கடையில் பேசும் விஷயம். அந்தப் பிள்ளை கேட்டது வேறு: ‘பதினேழு என்று அந்த மெஷின் எப்படிச் சொல்கிறது? உள்ளே தண்ணீரைப் பிழிந்து பார்க்கிறதா?’

திராட்சைக்குப் பதில் நெல்லை வைத்தாள். மளிகைக் கடைக்காரர் மாமாவிடம் மின்னணுத் தராசை இரவல் வாங்கி, அறுத்த நெல்லில் 100 கிராம் எடுத்து முற்றத்தில் காய வைத்து எடை பார்த்தாள். நல்ல வெயிலில் இரண்டு நாள் காய்ந்தும் குறைந்தது ஒன்பது, பத்து கிராம்தான். அப்படியானால் ஈரம் பத்து சதவீதம், பிறகு ஏன் இருபதுக்கு மேல் என்று காட்டியது? அப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டு மெஷின் பொய் சொல்கிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். பள்ளி திறந்ததும் அவள் கணக்கைக் கொண்டுவந்தாள்.

வெயிலில் காய்ந்த நெல்லிலும் 12, 13 சதவீத ஈரம் தங்கியே இருக்கும் என்பதுதான் அவளுக்குத் தெரியாத செய்தி. 100 கிராமில் 21 கிராம் தண்ணீர் இருந்தால் மிச்சம் 79 கிராம் உலர்பொருள். அது 13 சதவீத ஈரத்தோடு இருக்கும்போது எடை ஏறத்தாழ 91 கிராம். ஆக ஒன்பது கிராம் குறைந்தது சரி, மெஷின் சொன்னதும் சரி. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளியின் அறிவியல் ஆசிரியை கரும்பலகையில் போட, பிள்ளைகள் கணக்கை முடித்தார்கள். சதவீதம் என்பது எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று இவ்வளவு கவனமாக அந்த வகுப்பு அதற்கு முன் கேட்டதில்லை என்றார் அவர்.

அத்தோடு விடவில்லை. எல்லாத் தண்ணீரையும் எப்படி வெளியேற்றுவது? ஒருத்தியின் அப்பாயி, ‘வாணலியில் வறு’ என்றார். வறுத்தால் பொரிந்தது. பொரியைத் தின்றுவிட்டார்கள், சோதனை முடிந்தது. அடுத்த முறை நெல்லை உடைத்துப் பொடியாக்கி, வாணலியில் மணல் போட்டுச் சூடாக்கி, மணல்மேல் எவர்சில்வர் தட்டை வைத்து மெல்லிய தணலில் காய வைத்தார்கள். அடுத்தடுத்து இரு முறை எடை மாறாமல் நின்றபோது நிறுத்தினார்கள். எண்பதை ஒட்டி வந்தது. ஆய்வகத்தில் உலர் அடுப்பில் செய்வதும் இதேதான், அங்கே வெப்பம் கட்டுப்பாட்டில் இருக்கும். கொள்முதல் நிலையக் கருவி இப்படிக் காய வைப்பதில்லை. நெல்லில் நீர் கூடக்கூட அதன் மின்பண்பு மாறும், கருவி அந்த மாற்றத்தை அளந்து சதவீதமாகக் காட்டுகிறது என்பதை அடுத்த வாரம் பேசினோம்.

தஞ்சாவூரில் இன்று நிஃப்டெம் என்ற பெயரில் உணவுத் தொழில்நுட்பம் கற்பிக்கும் தேசிய நிறுவனம் ஒரு காலத்தில் நெல் பதன ஆராய்ச்சிக்கென்றே இயங்கியது. இந்தப் பிள்ளை கேட்ட கேள்வியைச் சம்பளத்துக்குக் கேட்கிறவர்கள் பஸ் ஏறினால் போகிற தூரத்தில் இருக்கிறார்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலிருந்து இருக்கிறது. இவர்கள் வயலில் ஏடிடி 43 என்ற நெல் ரகத்தை நடுகிறார்கள். அதிலுள்ள ‘ஏடிடி’ ஆடுதுறையைக் குறிக்கிறது என்பது அன்றுவரை அந்த வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. எங்களிடம் இருந்த எந்தச் சிறார் நூலிலும் இந்த இரண்டு இடங்களும் இல்லை. ராக்கெட் இருந்தது, டைனோசர் இருந்தது, பென்குயின் இருந்தது.

அமெரிக்காவில் நான்கு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. ‘இன்று விஞ்ஞானிகளாக இருப்போம்’ என்று சொல்லித் தொடங்கிய விளையாட்டைவிட, ‘இன்று அறிவியல் செய்வோம்’ என்று தொடங்கியதில் சிறுமிகள் அதிக நேரம் விடாமல் ஈடுபட்டார்கள். எங்கள் பிள்ளைகள் மூத்தவர்கள், இடமும் வேறு. ஆனாலும் நாங்கள் பார்த்ததோடு அது பொருந்துகிறது. நெல்லைக் காய வைத்த மாதத்தில் அந்தப் பிள்ளை தான் விஞ்ஞானி ஆவேன் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. அடுத்து எதை எடை போடலாம் என்றுதான் கேட்டாள்.

கபடிக் கோடு

விளையாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரே பாதையில் போகின்றன. பெண்ணை ஆட விடமாட்டார்கள், அவள் அழுவாள், கடைசி நிமிடத்தில் இறங்குவாள், வெல்வாள், அப்பா கண் கலங்குவார். பிள்ளைகள் இவற்றை ரசித்துப் படித்தார்கள், அது உண்மை. ஆனால் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்தார்கள்.

கபடி இந்தப் பக்கத்தில் வெறும் விளையாட்டு அல்ல. வடுவூர் அருகில்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது பறவைகள் சரணாலயம், எங்களுக்கு அது கபடி ஊர். அண்ணன்மார்கள் அங்கே போட்டிக்குப் போவார்கள், தங்கைகள் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். பெண்கள் கபடி 2010இல் குவாங்சோவில் ஆசிய விளையாட்டுக்குள் வந்ததும், இந்தியா அப்போதும் 2014இலும் தங்கம் வென்றதும், 2018இல் ஈரானிடம் தோற்றதும், ஹாங்சோவில் மீண்டும் வென்றதும் இவர்களுக்குப் புதிய செய்திகள். ஈரானிடம் தோற்ற கதைதான் அதிகம் பிடித்தது. தலையில் துணி கட்டி ஆடுகிறார்களா, எப்படி மூச்சு விடுவார்கள் என்று விசாரித்தார்கள்.

அவர்களை எழுப்பியது ஒரு விதிமுறைத் தாள். பெண்கள் ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நடுக்கோடு, தொடுகோடு, போனஸ் கோடு. பாடிப் போகிறவருக்கு 30 விநாடி. இதை அச்செடுத்துக் கொடுத்தபோது ஒருத்தி கேட்டாள்: ‘ஆண்களுக்கு 13க்கு 10. நமக்கு ஏன் சின்னது?’ பதில் சொல்வதற்குள் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்ட அன்று மழை வந்து அழித்தது. மறுபடி போட்டார்கள்.

இங்கேதான் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாமல் போகத் தொடங்கியது. மாலையில் மைதானம் பையன்களின் கிரிக்கெட்டுக்கு. காலையில் வரச் சொன்னால், தண்ணீர் பிடித்து, தம்பியைக் கிளப்பிவிட்டு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. உடற்கல்வி ஆசிரியர் பகுதிநேரப் பணியாளர். வராத நாளில் அந்தப் பாடவேளையைக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. கடைசியில் வாசிப்புப் பாடவேளையின் பாதியைக் கபடிக்குக் கொடுத்தோம். நூலக ஆர்வலர் ஒருவர் இதைக் கேட்டு முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

ஏழு பேர் கொண்ட அணிக்கு ஆள் சேர்ந்தது. நன்றாகப் பிடிபோடும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு நாள் வரவில்லை, பிறகும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, பொறுமையாகப் பேசினார். ‘டீச்சர், ஆடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வட்டாரப் போட்டி என்றால் மன்னார்குடி போக வேண்டும். முடிய ஆறு மணி ஆகும். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டரைக்கு. யார் போய் அழைத்து வருவது? இவள் அப்பா திருப்பூரில் இருக்கிறார். அந்த மூன்று நாள் வந்துவிட்டால் அங்கே மாற்றுவதற்கு இடம் உண்டா?’ மகளிருக்குப் பஸ் இலவசம், புதுயுகம் திட்டத்தில் நாப்கின் பள்ளிக்கே வருகிறது என்ற இரண்டு பதிலும் என் வாயில் இருந்தன. இரண்டும் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. பஸ்ஸுக்குக் காசு இல்லை என்று அவர் சொல்லவில்லையே.

எங்களிடம் இருந்த புத்தகங்களில் மாதவிடாய் வந்த நாளில் ஆடுவதா வேண்டாமா என்று பேசியது ஒன்றுமில்லை. வியர்வைக்கு எந்த உடை, காயத்துக்கு என்ன முதலுதவி, போட்டி முடிந்து வீடு திரும்புவது எப்படி என்பதும் இல்லை. பத்து வயதுக்கான தைரியக் கதைகள் நிறைய இருக்கின்றன. பதின்மூன்று வயது என்றதும் எழுத்தாளர்கள் கூச்சப்பட்டு விலகிவிடுகிறார்கள். மரத்தடியில் போய் உட்காரும் வயது அதுதான்.

வேலை இருக்கிறதா?

பொங்கலுக்குப் பிறகு அம்மாக்களை அழைத்து, பிள்ளைகளையே வாசித்துக் காட்டச் சொன்னோம். நூறு நாள் வேலை முடிந்து களைப்போடு வந்தவர்கள் கதையைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வியைப் பலவிதமாகக் கேட்டார்கள். இதில் சம்பளம் உண்டா? எத்தனை வருடம் படிக்க வேண்டும்? எங்கே?

வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியை அற்பமாக நினைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. குத்தகை நிலத்தில் பிழைக்கும் வீட்டுக்கு அதைவிடப் பெரிய கேள்வி இல்லை. ஈச்சங்கோட்டையில் அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது என்றால் அம்மாக்கள் கேட்கிறார்கள். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு என்றால் நிமிர்கிறார்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் ஏழாம் வகுப்பிலிருந்தே சேர்க்கை உண்டு என்றால், ‘எப்போது விண்ணப்பம்’ என்று கேட்கிறார்கள். சாம்பியன் ஆகாதவளுக்கும் நடுவர், பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட் என்று வேலைகள் உண்டு. ராக்கெட் விடாதவளுக்கும் மண் பரிசோதனை, விதைச் சான்று, பால் பரிசோதனை உண்டு. சிறார் நூல்களில் இவர்கள் யாரும் கதாநாயகியாக வருவதில்லை. முதலிடத்தை மட்டும் காட்டும் புத்தகம், அதற்குக் கீழே உள்ள படிகளைப் பிள்ளையின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

என்ன மாறியது

ஆண்டு முடிவில் மறுபடியும் விஞ்ஞானியை வரையச் சொன்னோம். பெண்கள் கூடுதலாக வந்தார்கள். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு எது பிடிக்கும் என்று அதற்குள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. குடுவை குறைந்து தராசும் பாட்டிலும் வயலும் வந்திருந்தது அதைவிடக் கவனிக்கத்தக்கது. அதை நாங்கள் கேட்கவில்லை.

கபடி அணி வட்டாரப் போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றது. திரும்பி வர, ஓர் அம்மாவும் வாசகர் வட்டத்தில் இருவரும் உடன் போனோம். பிடிபோடும் பிள்ளையும் வந்தாள். விடுதித் தேர்வுக்குப் போன ஒருத்திக்கு இடம் கிடைக்கவில்லை, மறு ஆண்டு பார்க்கலாம் என்கிறாள். நெல்லை எடை போட்டவள் பால் சொசைட்டிக்குப் போய், பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இதற்கெல்லாம் புத்தகம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பள்ளியை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வாசிப்பில் ஒட்டாமல் ஆண்டு முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் உண்டு, அவர்களைப் பற்றி இந்த ஆய்வில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

தொடங்கிய வயதைப் பற்றியும் எனக்கு ஐயம் இருக்கிறது. ‘மிகமிகப் புத்திசாலி’ என்ற அடையாளத்தைத் தன் பாலினத்தோடு சேர்த்துப் பார்ப்பதில் ஐந்து வயதுச் சிறுமிக்கும் சிறுவனுக்கும் வேறுபாடில்லை, ஆறு வயதிலேயே சிறுமிகள் பின்வாங்கத் தொடங்குகிறார்கள் என்று 2017இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆறாம் வகுப்பு என்பது அதற்கு ஐந்தாண்டு தாமதம். ஆகவே இந்த ஜூனிலிருந்து எட்டாம் வகுப்பு அக்காக்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு. தம்பிகளும் அதே பாயில் உட்கார்ந்து கேட்பார்கள். அவர்களும் கேட்க வேண்டியதுதான்.

வாங்கும் பட்டியலையும் மாற்றியிருக்கிறோம். வாழ்க்கை வரலாறுகளைக் குறைத்து, செயல்முறை நூல்களைக் கூட்டியிருக்கிறோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் கபடியைக் கோட்டிலிருந்து காயம் வரை தமிழில் சொல்லும் புத்தகத்தைத் தேடினோம், எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளே பதினாறு பக்கத்தில் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆடுகள அளவு, பிடி வகைகள், உடை, முதலுதவி, அந்த மூன்று நாள் என்று பன்னிரண்டு பக்கம் முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் அணியின் படம் வர வேண்டும் என்று ஒரு கட்சியும், மன்னார்குடியிலிருந்து மாலை பஸ் நேரங்கள் வர வேண்டும் என்று இன்னொரு கட்சியும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. நான் பஸ் கட்சி.